படுக்கக் கூடாத அரை மணி நேரம்

— இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க டெய்லரம்மா. மாத்திரை போடுற அன்னிக்குக் காலையில எழுந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க?

— என்ன பொண்ணே, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கிற மாதிரி திருப்பித் திருப்பி அதையே கேக்கிறே. எழுந்திரிப்பேன். பல் தேய்ப்பேன். வெறும் வயித்துல ஒரு மாத்திரை, ஒரு பெரிய கிளாஸ் தண்ணி. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே? நாற்காலியில ஆணி அடிச்ச மாதிரி உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் வேலைக்கு வந்தா நல்லா கேள்வி கேக்கப் பழக்கி விடுறாங்க.

— நான் வார்டு நர்ஸ் இல்லையே, ஆய்வு நர்ஸ். கேள்வி கேக்கிறதுக்குத்தான் சம்பளமே. டெலிபோனம்மா, நீங்க?

— அதேதான் சிஸ்டர். வாரத்துல ஒரு நாள். அவ போடுற அதே நேரத்துலதான் நானும் போடுவேன். நான் ஹால்ல உட்காருவேன், அவ தையல் ரூம்ல உட்காருவா. நடுவுல ஒரு சுவர்.

— ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உட்கார்ந்தா பேச்சுத் துணைக்கு ஆச்சே.

— பேச்சுத் துணையா? ஏன் பொண்ணே, நான் ஒண்ணு கேக்கிறேன். ரெண்டு பேருக்கும் இடுப்பு ஆபரேஷன் ஆனதுலேருந்து ரெண்டு வருஷமா இந்த ரூமுக்கு வர்றோம். அவங்க வாயைத் திறந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசி நீ பார்த்திருக்கியா? இல்லை, நான்தான் பேசியிருக்கேனா?

— கவனிச்சேன். ஆனா ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து ஒரே வண்டியில போறீங்க.

— வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கே.

— அண்ணியும் நாத்தனாரும்னா அப்படித்தான் சிஸ்டர். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அவர் வழியாப் பேசிக்கிட்டோம். அவர் போனப்புறம் லைன் கட்.

— சும்மா கட் ஆகலை. கட் பண்ணினது யாருன்னு கேளு பொண்ணே. எங்க அண்ணன் உடம்புல ஏறின சட்டை அத்தனையும் நான் தைச்சது. அவர் போய் காரியம் முடியறதுக்குள்ள ஒரு சட்டை பாக்கியில்லாம மூட்டை கட்டி யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

— கேட்டிருக்கணும் சிஸ்டர். அலமாரியைத் திறந்தா அவர் நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு அதைத் தாண்டி வேற எதுவும் தோணலை.

— அப்ப வீட்டுல உப்பு எங்கே இருக்குன்னு கேக்கணும்னா என்ன பண்ணுவீங்க? தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கிறேன்.

— சுவரைப் பார்த்துக் கேப்பேன் பொண்ணே. 'இந்த வீட்டுல உப்பு டப்பாவுக்குக் கால் முளைச்சிருச்சு போல'ன்னு சொல்வேன். கொஞ்ச நேரத்துல உப்பு டப்பா தானா மேடைக்கு வந்துரும்.

— அதுக்கு ஜாடை பேச்சுன்னு பேரு சிஸ்டர். உங்க வயசுக்காரங்களுக்கு அது கைவராது. நீங்கல்லாம் போன்லயே நேரா சண்டை போட்டுருவீங்க.

— சரி, இப்ப என் கிட்ட ரெண்டு பேரும் நேரா பேசுங்க. ரெண்டு பேர் மாத்திரையும் எப்பவாவது கலந்து போச்சா? டப்பா கீழ விழுந்து, பொறுக்கி எடுத்து, மாத்திப் போட்டு, அந்த மாதிரி ஏதாவது?

— இல்லை.

— கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க டெய்லரம்மா.

— யோசிக்க என்ன இருக்கு? ஆளுக்கு ஒரு டப்பா, டப்பா மேல ஆளுக்கு ஒரு நம்பர். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஊசியில நூல் கோக்கிறவகிட்ட நம்பரைப் படிக்கத் தெரியுமான்னு கேக்காதே.

— டெலிபோனம்மா?

— எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் கீழ விழலை சிஸ்டர். என்ன விஷயம்? ரத்தத்துல ஏதாவது கோளாறா?

— சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு விஷயம் எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு பார்க்கணும். டெய்லரம்மா, இந்த மாத்திரை எதுக்குன்னு நான் முதல் நாள் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்காதா பின்னே? நீ எலும்பு எலும்புன்னு என்னமோ சொன்னே, நான் அதைத் தையல் கணக்குல புரிஞ்சுக்கிட்டேன். எலும்புக்குள்ள ரெண்டு ஆளு. ஒருத்தன் பழைய தையலைப் பிரிக்கிறவன், இன்னொருத்தன் புதுசா தைக்கிறவன். ரெண்டு பேரும் சரிசமமா வேலை பார்த்தா எலும்பு எலும்பா இருக்கும். தொடைக்குள்ள இரும்புக் கம்பியை இறக்கின உடனே பாரத்தையெல்லாம் கம்பி தாங்கிக்குது. எலும்பு பார்க்குது, சரி, நமக்கு இங்கே வேலை இல்லைன்னு. தைக்கிறவன் சோம்பேறி ஆயிடறான். பிரிக்கிறவன் மட்டும் விடாம பிரிக்கிறான். கம்பியைச் சுத்தி எலும்பு இளைச்சுப் போயிடுது.

— நான் சொன்னதைவிட நல்லாவே சொல்றீங்க. இன்னொண்ணும் இருக்கே?

— பிளாஸ்டிக் தூள் சிஸ்டர். அது நான் சொல்றேன். இடுப்புக் குழியில வெச்சிருக்கிற பிளாஸ்டிக் கிண்ணம், நடக்க நடக்கத் தேயும். கண்ணுக்குத் தெரியாத தூளா உதிரும். அதைத் துப்புரவு பண்ண நம்ம உடம்பே ஆள் அனுப்பும். அவங்களால அதைத் தின்னு செரிக்க முடியாது. செரிக்க முடியாத கோவத்துல உதவிக்கு ஆள் கூப்பிடுவாங்க. அந்தக் கூப்பாடு போய்ச் சேர்றது பிரிக்கிறவன்கிட்ட. எங்க டெலிபோன் ஆபீஸ்ல சொல்வோமே, தப்பான இடத்துக்குப் போன கால், அது மாதிரி.

— சரியா சொன்னீங்க. கிண்ணம் தேய வருஷங்கள் ஆகும். ஆனா கம்பியைச் சுத்தி இளைக்கிறது முதல் ரெண்டு வருஷத்துலயே ஆரம்பிச்சுரும். வலியும் தெரியாது. நல்லா நடப்பாங்க, மாடி ஏறுவாங்க, ஒரு நாள் கம்பி ஆடும். அப்பத்தான் தெரியும். அதுக்குள்ள எலும்பு இருக்காது. அதுக்காகத்தான் பிரிக்கிறவனைத் தூங்க வைக்கிற மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கிறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

— அந்தக் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது பொண்ணே? எங்க ரெண்டு பேர்ல யாருக்கு மாவு?

— வழக்கமா சொல்லக் கூடாது. ஆனா நேத்து உங்க ரெண்டு பேர் நம்பரையும் திறந்து பார்க்க வேண்டியதாப் போச்சு. பெரிய டாக்டரே திறக்கச் சொன்னார்.

— ஏன்?

— டெலிபோனம்மாவோட ஸ்கேன் நல்லா இல்லை.

— நல்லா இல்லைன்னா?

— டெய்லரம்மா, நான் அவங்ககிட்ட சொல்றேன். அம்மா, உங்க கம்பியைச் சுத்தி எலும்பு ரொம்ப இளைச்சிருக்கு. கம்பி இன்னும் ஆடலை. ஆனா இதே வேகத்துல போனா ஆடும். கம்ப்யூட்டரைத் திறந்தா, உங்களுக்கு அனுப்பினது நிஜ மருந்துன்னு போட்டிருக்கு. பெரிய டாக்டர் என்ன நினைப்பார்? மருந்து சாப்பிட்டே இவங்களுக்குக் கரையுது, இனிமே மருந்தை நம்பிப் பிரயோஜனமில்லை, எலும்பு மிச்சம் இருக்கும்போதே திறந்து பழைய கம்பியை எடுத்துட்டு நீளமா வேற கம்பி போட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டார். வர்ற வாரம் தேதி.

— வர்ற வாரமா?

— டெய்லரம்மா, கொஞ்சம் உட்காருங்க.

— நான் நின்னுதான் பழக்கம். நீ சொல்லு.

— இருக்கட்டும் சிஸ்டர். டாக்டர் தேதி கொடுத்துட்டார்னா பண்ணிக்கிறேன். ஒரு தடவை படுத்த மேசைதானே.

— அவ்வளவு லேசா எடுத்துக்காதீங்கம்மா. முதல் ஆபரேஷன் மாதிரி இல்லை இது. உள்ளே பிடிச்சு உட்கார்ந்திருக்கிற கம்பியைப் பேர்த்து எடுக்கணும். உங்களுக்கு எலும்பு மெலிசு, சர்க்கரை வேற இருக்கு. எழுந்து நடக்க எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாது. நடப்பீங்களான்னே...

— நடப்பாங்களான்னே?

— சந்தேகம்தான் டெய்லரம்மா. அதனாலதான் ராத்திரி முழுக்க இதையே நினைச்சுக்கிட்டிருந்துட்டு, காலையில உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் ரத்தத்தையும் பார்த்தேன்.

— ரத்தத்துல என்ன தெரியும் சிஸ்டர்?

— எலும்பைப் பிரிக்கும்போது உதிர்ற துணுக்கு ரத்தத்துல வரும். டெய்லரம்மா கணக்குல சொன்னா, பிரிச்சுப் போட்ட நூல். மருந்து வேலை செஞ்சா நூல் குறையும். டெலிபோனம்மா, முதல் ஆறு மாசம் உங்க ரத்தத்துல நூல் நல்லாக் குறைஞ்சிருக்கு. மருந்து ஜோரா வேலை செஞ்சிருக்கு. அப்புறம் திடீர்னு ஏறிடுச்சு. அதுலேருந்து இறங்கவே இல்லை.

— உடம்புக்கு மருந்து பழகிப் போயிருக்கும் சிஸ்டர்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் டெய்லரம்மா ரத்தத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சேன். அவங்களுக்கு முதல் ஆறு மாசம் நூல் ஏகத்துக்கு இருக்கு. மாவுதானே, அப்படித்தான் இருக்கும். ஆனா டெலிபோனம்மாவுக்கு என்னிக்கு ஏறிச்சோ அன்னிக்கே இவங்களுக்கு இறங்கியிருக்கு. மாவு சாப்பிட்டா இறங்காது.

— மிஷின் கோளாறா இருக்கும். நீங்க ரெண்டு குப்பியையும் மாத்தி வெச்சிருப்பீங்க. எங்களைக் கேக்கிறியே, உங்க ஆளுங்களைக் கேட்டியா?

— கேட்டேன். அவங்க வெச்சிருந்த மிச்ச ரத்தத்தை எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். அதேதான் வந்துச்சு. ரத்தம் மாறலை டெய்லரம்மா. மாத்திரைதான் மாறியிருக்கு. யாருக்கு எதை அனுப்பினோம்னு கம்ப்யூட்டர் சொல்லும். யார் வாய்க்குள்ள எது போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.

— தெரிஞ்சு என்ன ஆகப் போகுது சிஸ்டர்? போனது போகட்டும்.

— எல்லாமே அதுலதான் இருக்கும்மா. நீங்க மருந்து சாப்பிட்டும் எலும்பு கரையுதுன்னா, கத்திதான். மருந்து சாப்பிடாததால கரையுதுன்னா, இன்னிக்கே மருந்தை ஆரம்பிச்சு எலும்பைப் பிடிச்சு நிறுத்திடலாம். முதல் ஆறு மாசம் உங்க உடம்பு அதைக் கேட்டுச்சே. கத்தியே வேண்டாம். ஆனா ரத்தத்தை மட்டும் வெச்சுச் சொன்னா பெரிய டாக்டர் ஒத்துக்க மாட்டார். வீட்டுல நடந்தது இதுதான்னு உங்க வாயால வரணும்.

— என் வாயால என்ன வரும்? நான் மாத்திரையை முழுங்கினேன், அவ்வளவுதான். தேதிப்படி ஆபரேஷன் நடக்கட்டும். விட்டுருங்க.

— இதுதான் எனக்குப் புரியலை. தப்பிக்க வழி இருக்குன்னு சொல்றேன், நீங்க கத்திக்குத் தலையை ஆட்டுறீங்க. ஏம்மா?

— இருக்கட்டும்னு சொல்றேனே சிஸ்டர்.

— என்ன இருக்கட்டும்? எதுக்கெடுத்தாலும் இருக்கட்டும், இருக்கட்டும். இருக்கட்டும்னு சொல்லிச் சொல்லியே எங்க அண்ணனை மூட்டை கட்டின மாதிரி இப்ப உங்களையே மூட்டை கட்டப் போறீங்களா அண்ணி?

— டெய்லரம்மா. இப்ப நீங்க அவங்ககிட்ட நேரா பேசினீங்க.

— தெரியும் பொண்ணே. நீ பெரிய டாக்டருக்குச் சொல்லணுமில்லே, சொல்லு. எடுத்தது நான்தான்.

— எதை எடுத்தீங்க?

— அவங்க மாத்திரையை. டப்பாவை மாத்தலை. டப்பா மேல நம்பர் இருக்கு, கண்டுபிடிச்சுருவாங்கன்னு உள்ளே இருக்கிறதை மட்டும் மாத்தினேன். என் டப்பால இருந்ததை அவங்க டப்பால கொட்டினேன், அவங்களோடதை என்னோடதுல கொட்டினேன். ஒவ்வொரு தடவை நீ புது டப்பா கொடுத்து அனுப்பும்போதும், வீட்டுக்குப் போன அன்னிக்கே அதைத்தான் பண்ணினேன். ஊசி விழுற சத்தம்கூடக் கேக்காது. தையல்காரி கை.

— என்னிக்கு ஆரம்பிச்சீங்க?

— ஆறு மாசச் செக்கப்புக்கு வந்தோமே, அதுக்கப்புறம். பெரிய டாக்டர் என் ஸ்கேனை எடுத்து வெளிச்சத்துல வெச்சு, வாசல் வரைக்கும் கேக்கிற மாதிரி சொன்னார். 'அம்மா, உங்களுக்கு எலும்பு விட்டுக் கொடுக்குது, நின்னுக்கிட்டே வேலை பார்த்தா கம்பி சீக்கிரம் ஆடிடும்'னார். நான் நிக்காம எப்படித் துணி வெட்டறது? என் மேசை உயரம் உனக்குத் தெரியாது. இடுப்பு போனா கடை போச்சு. கடை போனா ஒரு மூலையில படுத்து, ஒரு வாய் தண்ணிக்குக்கூட இவங்க கையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணும். செத்தாலும் அது மட்டும் வேண்டாம்னு இருந்துச்சு.

— அவங்க டப்பால இருக்கிறதுதான் நிஜ மருந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கே தெரியாதே.

— அவங்களுக்கு நெஞ்செரிச்சல் வந்துச்சு. எனக்கு வரலை. மருந்துன்னா சில பேருக்கு நெஞ்சு எரியும்னு முதல் நாள் நீயே சொன்னே. மாவு எரியுமா? கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். இவங்க வீட்டுல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவங்க. நான் நிக்கிறவ. யாருக்கு எலும்பு வேணும்? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். திருடனுக்கு நியாயமா கிடைக்காது?

— மாத்தின பிறகு உங்களுக்கு எரிச்சல் வந்திருக்குமே?

— வராம? தொண்டை வரைக்கும் எரியும். வாயைத் திறக்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அரை மணி நேரம் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து போனா அடுப்பு மேடையில ஒரு கிளாஸ் ஆறின பால் இருக்கும். இவங்க காய்ச்சிட்டுக் குடிக்க மறந்துட்டாங்க போலன்னு நினைச்சு எடுத்துக் குடிச்சுருவேன். அதுல கொஞ்சம் அடங்கும்.

— ஒவ்வொரு வாரமுமா மறப்பாங்க?

— வயசாச்சு, மறதி. அதையெல்லாம் எதுக்குக் கேக்கிறே? எனக்கு இப்ப அதுவா கவலை? அண்ணி, இங்கே பாருங்க. ஜன்னலைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. உங்க எலும்பைத் தின்னது அந்தத் தூளும் இல்லை, கம்பியும் இல்லை. நான். எனக்கு ஸ்கேன் நல்லா வந்திருக்கும், இல்லையா பொண்ணே?

— ரொம்ப நல்லா வந்திருக்கு. இளைச்ச இடமே தெரியலை.

— தெரியாது. ஒருத்தர் துணியைக் கிழிச்சு இன்னொருத்தருக்கு ஒட்டுப் போட்டா அப்படித்தான் இருக்கும். திட்டுங்க அண்ணி. சுவரைப் பார்த்தாவது திட்டுங்க.

— எதுக்குத் திட்டணும்? உன் கால் நல்லா இருக்குல்ல? அதைச் சொல்லு முதல்ல.

— என் காலுக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கு.

— போதும். அது போதும்.

— டெலிபோனம்மா, அழாதீங்க. நல்ல செய்திதான். இப்பவே பெரிய டாக்டருக்குப் போன் பண்றேன். ஆபரேஷன் தேதியை நிறுத்திடலாம். ரெண்டு பேரையும் ஆய்வுலேருந்து எடுத்துருவாங்க, எனக்கும் நல்லா டோஸ் விழும், அது என் பாடு. இன்னிக்கே உங்களுக்கு நிஜ மருந்து. வயித்துக்கு ஒத்துக்கலைன்னா ஊசி இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணு போட்டா ஆச்சு. மறுபடி ஒரு வருஷம் நான் உங்க ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

— பாரு, நல்லாப் பாரு. அவங்க ரத்தத்துல ஒரு நூல்கூட மிதக்கக் கூடாது.

— ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. இதையும் கேட்டுட்டுப் போன் பண்றேன். இல்லைன்னா இன்னிக்கும் எனக்குத் தூக்கம் வராது.

— கேளுங்க சிஸ்டர்.

— நீங்க ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் கேக்கிற முதல் கேள்வி, நெஞ்செரிச்சல் இருக்கான்னுதான். அந்த ஆறு மாசச் செக்கப் அன்னிக்குக் கேட்டப்பகூட நீங்க இல்லவே இல்லைன்னு சொன்னீங்க. நல்லா ஞாபகம் இருக்கு. டெய்லரம்மாவோ உங்களுக்கு எரிச்சல்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் பேசிக்கிறதும் இல்லை. அப்புறம் இவங்களுக்கு யார் சொன்னா?

— யாரும் சொல்லலை பொண்ணே. என் காதுலயே விழுந்துச்சு. அந்த ஆறு மாசச் செக்கப் முடிஞ்சு வந்ததுலேருந்து, மாத்திரை போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பிச்சுருவாங்க. 'இந்த எரி எரியுதே, எனக்கு வந்தது மருந்துதான் போல. நான் பாட்டுக்கு உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறவ, எனக்கு எதுக்கு இந்த மருந்து. டப்பாவை அலமாரியில வெச்சுப் பூட்டக்கூட உடம்புல தெம்பில்லை, மேடையிலேயே கிடக்கட்டும்'னு சத்தமா புலம்புவாங்க. தையல் ரூம்ல அப்படியே கேக்கும்.

— டெலிபோனம்மா, சுவர்கிட்ட சொன்னதை என்கிட்ட ஏன் சொல்லலை?

— உங்ககிட்ட சொல்லியிருந்தா எனக்கு மாத்திரையை நிறுத்தியிருப்பீங்க சிஸ்டர். நிறுத்திட்டா அடுத்த டப்பா வீட்டுக்கு வந்திருக்காதே.

— டப்பா வந்து உங்களுக்கு என்ன? அதை நீங்க சாப்பிடலையே.

— அண்ணி...

— வாசல்ல உட்கார்ந்து டாக்டர் சொன்னதை நானும்தான் கேட்டேன். ஆனா என் கையால கொடுத்தா அவ பச்சைத் தண்ணிகூட வாங்க மாட்டா, மருந்தையா வாங்குவா? அதான் சுவர்கிட்ட சொன்னேன். எந்தப் பேச்சு எந்தக் காதுக்குப் போகணுமோ அந்தக் காதுக்குப் போட்டுக் கொடுக்கிறதுதானே சிஸ்டர் டெலிபோன் ஆபீஸ்ல என் வேலை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு உட்கார்ந்திருந்தான்னு எனக்குத் தெரியாதா?